பஞ்சலிங்கத்தைக் கண்டால் ஒதுங்கிய கடல்

டாக்டர் பஞ்சலிங்கம் கரைக்கு வந்தால் கடல் நூறடி பின்வாங்கிவிடும். முப்பது வருடங்களுக்கு மேலாக இது இப்படித்தான். தொண்ணூறில் மன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் படகில் வந்தபோது அவருடைய தம்பி ரஞ்சித்குமாரை அலை அடித்துக்கொண்டு போனது. கரையிறங்கிய பஞ்சலிங்கம் கடலைத் திரும்பிப் பார்த்து, "இனி என்ரை பக்கம் வராதை" என்றார். கடல் சொல்பேச்சுக் கேட்டது. அமெரிக்காவுக்கு விமானத்தில் வந்தபோது உயரம் காரணமாக ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவர் அங்கே கடலிலிருந்து நல்ல தூரமாகப் பார்த்து, காப்பெல் என்ற ஊரில் வீடு வாங்கினார், குழந்தை வைத்தியம் பார்த்தார், இரண்டு பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பினார். ஒரேயொரு முறை கால்வெஸ்டன் கடற்கரைக்குப் போனார். அலைச்சறுக்குப் பலகைகளோடு சேற்றில் நின்றவர்கள் முறைத்ததால் அன்றே திரும்பிவிட்டார்.

அவர் மனைவி தவமணிதேவி பருத்தித்துறைக்காரி. கோடைதோறும் தோழிகளோடு கடற்கரைக்குப் போய்க் கறுத்துத் திரும்புவார். இந்த வருடம் முழங்கால் அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்ததும், ஒரு தடவையாவது கணவரோடு கடலில் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதை நேரே கேட்காமல், அமெரிக்காவின் தென்கரை வளைகுடாவில் ஒரு சிறு தீவு இருப்பதைச் சொன்னார். தீவில் பாதி கல்லாகிப்போன காடு, மீதி கடலுயிர்ப் பூங்கா.

"நீங்கள் கல்லைப் பாருங்கோ, நான் கடலைப் பாக்கிறன்."

"ஓம், அப்பிடியெண்டால் சரி" என்றார் பஞ்சலிங்கம்.

தீவுக்குப் பாலம் இருந்தது. கார் போகப் போகக் கீழே தண்ணீர் இரு பக்கமும் ஒதுங்கியது, கடந்ததும் மூடிக்கொண்டது. ரேடியோவில் அதைச் சொல்லிவிட்டு, ஃப்ரீவேயில் ஒரு லாரி நின்றுபோனதையும் சொன்னார்கள்.

கல்காடு பஞ்சலிங்கத்துக்குப் பிடித்துப்போனது. பட்டையின் வெடிப்பு, பூச்சி துளைத்த ஓட்டை, கிளை முறிந்த கணு எல்லாம் அப்படியே கல்லாக இருந்தன. சாய்ந்து கிடந்த ஒரு பெரிய மரத்தைத் தடவிக்கொண்டே அடியிலிருந்து நுனியை நோக்கி நடந்தார். நுனி கடலுக்குள் இருந்தது. அவர் நடக்க நடக்கக் கடல் விலகிக் கொடுத்தது, மரம் நீண்டுகொண்டே போனது. நிமிர்ந்து பார்த்தபோது கடலின் அடியில் நின்றுகொண்டிருந்தார். வலது கால் முழங்கால்வரை சேற்றில் புதைந்திருந்தது.

சுற்றிலும் கடற்புல் சாய்ந்து கிடக்க, மீன்கள் துள்ளின. பூங்காவின் வழிகாட்டி ஓவியா ஓடிவந்தாள். அமெரிக்காவிலேயே, ரவுண்ட் ராக் என்ற ஊரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"அங்கிள், ப்ளீஸ் மூவ் பண்ணுங்க! தே ஆர் டையிங்!"

"கால் வருதில்லைப் பிள்ளை."

ஓவியா இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. மறுகரையில் நின்ற தவமணிதேவி, தன் காலடியிலிருந்தும் தண்ணீர் போய்விட்டதைக் கண்டு, விஷயம் புரிந்து நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பஞ்சலிங்கத்தின் பக்கத்தில் ஒரு கடற்குதிரைக் குஞ்சு சுருண்டு கிடந்து துடித்தது.

"இஞ்சருங்கோ, கடலைக் கூப்பிடுங்கோ."

"இப்ப கூப்பிட்டால் நான் தண்ணிக்குள்ளை தாண்டு போவன்."

"நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

மூச்சுத் திணறும் குழந்தைகளைப் பார்த்தே வயதானவர் பஞ்சலிங்கம். கடற்குதிரையை ஒருமுறை பார்த்தார், அதற்குமேல் யோசிக்கவில்லை. "சரி, வா. கோவமில்லை" என்றார்.

கடல் பாய்ந்து வரவில்லை. கூச்சப்படும் விருந்தாளியைப் போலத் தயங்கித் தயங்கி இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. தவமணிதேவி ஒரு கையையும் ஓவியா மறு கையையும் பிடித்திருந்தார்கள். கழுத்தைத் தொட்டபோது சேறு இளகி, கால் தானாக வெளியே வந்தது. கடற்குதிரை நீந்திப் போனது. இடுப்பளவு தண்ணீருக்கு வந்ததும் பஞ்சலிங்கம் தம்பியின் பெயரைச் சொல்லி அழுதார். அன்றுவரை அவர் அழுததில்லை. அழுது முடித்து, பசிக்கிறது என்றார். தவமணிதேவி கரைக்கு வர மறுத்துவிட்டதால், பூங்கா மூடும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

அடுத்த வாரம் கடல் காப்பெலுக்கே வந்துவிட்டது. மதியத்துக்கு மேல் வீட்டின் பின்வளவில் ஏறும், பொழுது சாய்வதற்குள் இறங்கும். குடியிருப்புச் சங்கத்தார் வந்து பார்த்து, வேலி துருப்பிடிக்காமல் பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். அறுவைசிகிச்சைக்குப் பின் தவமணிதேவி அந்தத் தண்ணீரிலேயே நடந்து பழகினார். தெருப் பிள்ளைகள் வாளிகளோடு வருகிறார்கள். இறால் நன்றாகப் படுகிறது. வெள்ளிக்கிழமை மட்டும் பிடிப்பதில்லை. அன்று அவர்கள் வீட்டில் மரக்கறி.