ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் படிப்பு

வெட்டுக்கத்தி பலகையில் இறங்கிய வேகத்தில் தொடை எலும்பு இரண்டாகப் பிளந்தது. தங்கை பிடிப்பாள், அண்ணன் வெட்டுவான். அப்பா போன பிறகு அந்தக் கறிக்கடையில் அதுதான் ஏற்பாடு. கத்திக்கும் அவள் விரலுக்கும் நூலிழைதான் தூரம். ஒரு நாளும் தவறியதில்லை.

"எந்தக் காலேஜுன்னு முடிவு பண்ணியா? செல்போன்ல விண்ணப்பம் அனுப்ப இன்னிக்குத்தானே கடைசி நாள்?" என்றான் அண்ணன். சந்தையில் அவனுக்கு மூணுவிரல் என்று பெயர். இடது கையில் மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

வேறொரு நாட்டின் மொழி, சரித்திரம், அரசியல் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லித்தரும் பட்டப்படிப்பு என்றால் அவளுக்கு உயிர். மூன்று கல்லூரிகளின் செலவை அலசி, செல்போனில் குறித்து வைத்திருந்தாள்.

"பாலைவன நாடுகள் பத்தின படிப்புக்கு ஃபீஸ் கம்மிண்ணே. ஆனா ஹாஸ்டலுக்குத் தனி, அங்க போய் ஒரு வருஷம் தங்குறதுக்குத் தனி."

"கறியை விட எலும்பு ஜாஸ்தி. அடுத்தது?"

"தீவு நாடுகள். கடையை வித்தாத்தான் கட்ட முடியும்."

"தூக்கி நாய்க்குப் போடு. மூணாவது?"

அவள் கையிலிருந்த செல்போனைப் பார்த்தபடியே சொன்னாள். "அதுக்கு ஃபீஸே இல்ல. ஹாஸ்டலும் சாப்பாடும் சும்மா. படிக்க ஆளே வரலையாம்."

"நம்ம அதிர்ஷ்டம்! எந்த நாடு?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்."

கன்னத்தில் அறை விழுந்தது. அவள் தொங்கிய கறியோடு மோதிச் சரிந்தாள். காலியாக இருந்த கொக்கி தோளைக் கிழித்தது.

"வழிதவறின ஆட்டைத் தேடி ஆத்தைத் தாண்டின என்னைப் புடிச்சு, விரலை நறுக்கி அனுப்பினானுங்களே, அந்தப் பயலுக பாஷையா உனக்கு?" தராசைத் தூக்கிச் சுவரில் அடித்தான். ஸ்டூலை மிதித்து நொறுக்கினான். "உன் காலை உடைச்சு வீட்டுல போடுறேன்!"

அவள் ரத்தம் வழிய எழுந்தாள். வலது கையைப் பலகையில் விரித்து வைத்தாள்.

"வெட்டு. விரல் இல்லாட்டி எழுத முடியாது. ஆசை அதோட ஒழியட்டும்."

"கையை எடுடி!"

"மாட்டேன்."

கத்தி இறங்கியது.

பலகை பிளந்தது. தெறித்த சிராய் அவள் கன்னத்தைக் கீறியது. கத்தி அவள் கட்டைவிரலை ஒட்டி மரத்தில் ஆழப் புதைந்து நின்றது. புத்தி கெட்டுப்போன நேரத்திலும் கைக்குப் பழைய பழக்கம் மறக்கவில்லை.

அண்ணன் அப்படியே ரத்தத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அவனுங்க பாஷையில 'போதும்'னு எப்படிச் சொல்றது?" என்றான். "அன்னிக்கு எவ்வளவோ கத்தினேன். ஒருத்தனுக்கும் புரியல."

"எனக்கும் தெரியாதுண்ணே. முதல் வருஷத்துலயே சொல்லித் தருவாங்க."

தரையில் கிடந்த செல்போனை எடுத்துச் சட்டையில் துடைத்தான். கண்ணாடி கீறியிருந்தாலும் வெளிச்சம் இருந்தது.

"எங்க அமுக்கணும்னு காட்டு" என்றான்.