கண்ணாடிக்கடைக்காரியின் தொடக்கம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, அக்காவிடமிருந்து பிடுங்கியது. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். சதுரங்கப் போட்டியில் தோற்றுவிட்டு வந்து அவள் சொன்னதை, கேட்ட சூட்டோடு எழுத உட்கார்ந்தேன்.

அரங்கில் மயான அமைதி நில... (வேண்டாம். மின்விசிறிகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தனவாம்.)

2

எதிரே வந்து உட்கார்ந்தவள் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவள். அக்கா அவளை அதற்குமுன் பார்த்ததே இல்லை. வெள்ளைக் காய்கள் அவளுக்கு. எடுத்த எடுப்பிலேயே குதிரையைப் பலகையின் ஓரத்துக்குத் தள்ளினாள். அடுத்து, குதிரை நின்றிருந்த கட்டத்துக்கு யானை வந்தது.

(சதுரங்கம் தெரியாதவர்களுக்கு: விவரம் தெரிந்த யாரும் ஆட்டத்தை இப்படித் தொடங்க மாட்டார்கள். அத்தான் தொடங்குவார். வீட்டில், அக்காவோடு மட்டும், அவளைச் சிரிக்கவைக்க. போன வருடம் இறந்துவிட்டார்.)

3

கண்ணாடிக்கடைக்காரியை நீங்கள் நம்புகிறீர்களா? எனக்கே நம்பிக்கை வரவில்லை. அதனால் முதலில் அவளை அத்தானின் பழைய சிநேகிதியாக்கி எழுதினேன். எல்லாம் விளங்கிவிட்டது, கதை செத்துவிட்டது.

அக்கா படித்துப் பார்த்தாள். "நடந்ததை எழுதுடா. பயமா இருந்தா எழுதாத."

நடந்தது இதுதான். அத்தானும் அக்காவும் கடைசியாக ஆடி, பாதியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய அதே ஆட்டம், காய் மாறாமல் பலகையில் வந்து நின்றது. ஜெயிக்கும் வழி அக்காவுக்கு அன்றே தெரியும். கையை நீட்டினாள். (கை நடுங்கியது என்று எழுத ஆசை. நடுங்கவில்லையாம்.)

கண்ணாடிக்கடைக்காரி தலை நிமிராமல் மெதுவாகச் சொன்னாள்: "போன தடவையும் இங்கதான் ரொம்ப யோசிச்சீங்க."

4

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டாள். கடிகாரத்தில் தன் நேரம் முழுதும் தீரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நடுவர் வந்து, தோல்வி என்றார்.

"கையில இருந்த ஆட்டத்தை ஏன்க்கா விட்ட?"

"நகர்த்தியிருந்தா முடிஞ்சிருக்கும். எழுந்து போயிடுவாரு."

"போயிடுவா" என்று திருத்தினேன்.

5

இங்கே ஒரு முடிவு இருந்தது. கிழித்துவிட்டேன். ஏனென்றால் அடுத்த போட்டிக்கு அக்காவும் கண்ணாடிக்கடைக்காரியும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்று காலை அக்கா தலைக்குச் சாயம் பூசிக்கொண்டாள், அத்தான் போனபிறகு முதல் முறையாக. வாசலில் நின்று, "போட்டிக்குக் கொண்டுபோய் விடுறியாடா?" என்கிறாள்.

வண்டிச் சாவி என் கையில் இருக்கிறது. நீங்களாக இருந்தால் கூட்டிப்போவீர்களா?