தட்டினால் திறக்க ஒரு ஆள்

சவப்பெட்டியின் கால்மாட்டில் இருந்த சிறு துளைக்குள் கடைக்காரர் பிராக்டர் கைச்சாவியைச் செருகிச் சுற்றினார். சுற்றச் சுற்ற எஃகு மூடி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. விளிம்பைச் சுற்றி ஓடிய ரப்பர் பட்டை நசுங்கி, காற்று வெளியேறும் சத்தம் கேட்டது.

"அவ்வளவுதான் மேடம். இனிமே ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது. இங்கயே, நம்ம நாட்டுலயே செஞ்சது."

அந்தச் சாவி என்ன செய்கிறது என்று டெனிஸுக்கு உடனே புரிந்துவிட்டது. அது உள்ளே ஒரு திருகைச் சுழற்றுகிறது. திருகு, பெட்டியின் நீளத்துக்கு ஓடும் ஒரு கம்பியை இழுக்கிறது. கம்பியில் உள்ள கொக்கிகள் மூடியைப் பிடித்துக் கீழே இழுக்கின்றன. எல்லாமே தகட்டுக்குப் பின்னால். படுத்திருப்பவருக்கு வெறும் பட்டுத்துணிதான்.

"உள்ளேயிருந்து இத எப்படித் திறக்கறது?" என்று கேட்டாள்.

பிராக்டர் சாவியை உருவினார். "அப்படி யாரும் கேட்டதில்ல மேடம்."

லூசீல் அத்தை கைப்பையால் அவள் இடுப்பில் இடித்தாள். "மானத்த வாங்காதடி. செத்தவன் எதுக்குத் திறக்கப் போறான்? கடைக்கா போகப் போறான்?"

சொல்லிவிட்டு அத்தையே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய தம்பிக்கு, டெனிஸின் அப்பா ரோலண்டுக்கு, உயிரோடு இருந்தவரை சனிக்கிழமை என்றால் கடைதான். அதுவும் சாதாரணக் கடை இல்லை. ஒரே குளிர்காலத்தில் பிய்ந்துபோகும் பூட்ஸையும் கைப்பிடி கழன்றுவிடும் சட்டியையும் வெறுத்து, இந்த நாட்டில் இன்னும் ஒழுங்காகப் பொருள் செய்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவரைக் கேட்டு, அவர் சொன்ன இன்னொருவரைக் கேட்டுத் தேடிப் போவார். ஆற்றங்கரைக் கம்பளி ஆலை, கோடரி அடிக்கும் பட்டறை, வழவழவென்று கடைந்த இரும்புச் சட்டி வார்க்கும் கொட்டகை. எதை எடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார். அடியில் ஊர்ப்பெயர் பொறித்திருந்தால் உறவினர் பெயரைப் படிப்பதுபோல் உரக்கப் படிப்பார். "ஊர் பேர் இருந்தா, கெட்டுப் போச்சுன்னா யார் வீட்டுக் கதவத் தட்டணும்னு தெரியும்" என்பார்.

ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய பொருள் என்றால் இன்னொரு சோதனை உண்டு. அலமாரியோ மரப்பெட்டியோ, உள்ளே ஏறி உட்கார்ந்து கதவை மூடிக்கொள்வார். வெளியே டெனிஸ் நிற்க வேண்டும். "நான் தட்டினா திற" என்பது ஒன்றுதான் அவளுக்கு இட்ட வேலை. ஏழு வயதிலிருந்து அதைச் செய்திருக்கிறாள். ஒருமுறை ஒரு தேவதாருப் பெட்டியின் பூட்டு தானாக விழுந்துகொண்டது. உள்ளிருந்து தட்டல் கேட்கிறது, அவள் விரலுக்குப் பொத்தான் அகப்படவில்லை. பெட்டியைச் செய்தவர் சாவியோடு ஓடிவந்தார். வெளியே வந்த அப்பாவின் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. "நல்ல மரம். பூட்டுதான் தப்பு" என்று சிரிக்கப் பார்த்தார். அன்று காரை ஓட்டுவதற்கு முன் வெகுநேரம் ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நேற்று ஆஸ்பத்திரியில், ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து அவர் கேட்டது ஒரே வார்த்தை. "கதவு." டெனிஸ் அறைக்கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்தாள். வழியில் இருக்கிறது என்று நர்ஸ் அதை எடுத்தாள். டெனிஸ் மறுபடி வைத்தாள். இன்று காலையில் காப்பி வாங்கக் கீழே போய்த் திரும்பியபோது நாற்காலி சுவரோரம் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. அவள் திறந்தபோது அவர் கண்கள் கதவைப் பார்த்தபடி நின்றுபோயிருந்தன.

இதை அவள் அத்தையிடம் சொல்லவில்லை.

"நாங்க வேற இடத்துலயும் பாத்துட்டு வர்றோம்" என்றாள் பிராக்டரிடம்.

தச்சுவேலை செய்யும் ஹெஸ்டரிடம் ஒரு பைன்பெட்டி இருப்பதாகக் காரில் ஏறியதும் டெனிஸ் சொன்னாள். அத்தை ஆரம்பித்தாள். "பைன் மரம் மக்கிடும்டி. நம்ம ஊர் மண்ணு சொதசொதன்னு இருக்கும். அவனுக்குக் குளிரே ஆகாது. அந்த எஃகுப் பெட்டில தண்ணி ஏறாது."

"காத்தும் ஏறாது அத்தை."

வைப்பர் இரண்டு தடவை போய்வந்தது. அத்தை கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள்.

"அந்தக் காலத்து ஃப்ரிட்ஜ நீ பாத்திருக்க மாட்ட" என்றாள். "வெளிய கைப்பிடி. இழுத்தா உள்ள பூட்டு நாக்கு விலகும். உள்பக்கம் வழவழன்னு ஒண்ணுமே இருக்காது. இப்ப மாதிரி காந்தம் கெடையாது, தள்ளினா தெறக்கறதுக்கு. பக்கத்து வீட்டுக்காரன் ஒண்ணக் கொல்லைல போட்டிருந்தான். கண்ணாமூச்சி ஆடறப்ப உங்கப்பன் அதுக்குள்ள போயிட்டான். நான் தேடிட்டே இருக்கேன். கோழி கொத்தற மாதிரி ஒரு சத்தம். கோழின்னுதான் நெனச்சேன். நம்ம தெருவுல யாருகிட்டயும் கோழி இல்லியேன்னு அப்பறந்தான் தோணுச்சு."

காந்தக் கதவைப் பற்றி அப்பா பேச ஆரம்பித்தால் மேசையில் சூப் ஆறிப்போகும். அதைக் கண்டுபிடித்தவனுக்குச் சிலை வைக்க வேண்டும் என்பார். ஏன் என்று மட்டும் சொன்னதில்லை.

ஹெஸ்டரின் பட்டறை மலைச்சரிவில் இருந்தது. மரத்தூள் ஒட்டிய மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவள் டெனிஸைப் பார்த்தாள்.

"அலமாரிக்குள்ள ஏறி உக்காந்தாரே, அவரோட பொண்ணுதானே நீ? நல்லா இருக்காரா?"

"இன்னிக்குக் காலைல போயிட்டார்" என்றாள் டெனிஸ். ஹெஸ்டர் மெதுவாகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

மூலையில் அந்தப் பைன்பெட்டி இன்னும் இருந்தது. போன வருடம் டெனிஸும் அப்பாவும் அதைப் பார்த்திருந்தார்கள். நிமிர்த்தி வைத்து, குறுக்கே பலகை தட்டி, வண்ண டப்பாக்கள் அடுக்கியிருந்தாள் ஹெஸ்டர். அது சவப்பெட்டி என்று தெரிந்ததும் அப்பா வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். வாழ்நாள் முழுதும் பொருள் தேடியவர் அந்த ஒன்றைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

டப்பாக்களை இறக்கி, குறுக்குப் பலகைகளைக் கழற்றி, பெட்டியைக் கிடத்தினார்கள். பலகைகளின் முனைகள் விரல் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று பூட்டியிருந்தன. ஆணியே இல்லை. மூடியின் அடியில் நான்கு மர முளைகள். விளிம்பில் நான்கு குழிகள். முளை குழிக்குள் உட்கார்ந்தால் மூடி பக்கவாட்டில் நகராது. மேலே தள்ளினால் வந்துவிடும். டெனிஸ் மூடியைக் கவிழ்த்தாள். ஓரத்தில் ஊர்ப்பெயர் சூடு போட்டிருந்தது.

"நான் உள்ள படுத்துப் பாக்கணும்" என்றாள்.

"பைத்தியமாடி உனக்கு?" என்றாள் அத்தை.

ஹெஸ்டர் சிரிக்கவில்லை. ஒரு பழைய போர்வையை உள்ளே விரித்தாள்.

டெனிஸ் படுத்தாள். மூடி இறங்கியது. வெளிச்சம் முதலில் நான்கு பக்கமும் கோடாக நின்றது, பிறகு அதுவும் போனது. பிசின் வாசனை. தன் மூச்சே முகத்தில் திரும்பி அடித்தது. அவள் இரண்டு கைகளாலும் தள்ளினாள்.

மூடி அசையவில்லை.

மறுபடி தள்ளினாள். முழங்கையை மடக்க இடமில்லை. இருட்டு மார்பின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நினைக்காமலே அவள் விரல்கள் பலகையில் இரண்டு தடவை தட்டின.

மூடி பிய்த்துக்கொண்டு வந்தது. அத்தை அதைத் தன் எண்பது வயதுக் கைகளால் தூக்கிப் பிடித்திருந்தாள். தொப்பி தரையில் கிடந்தது.

"மழைல முளை ஊதியிருக்கு" என்று ஹெஸ்டர் பதறிப்போய் இழைப்புளியை எடுத்தாள். ஒவ்வொரு முளையிலும் சுருள் சுருளாகக் கொஞ்சம் சீவினாள், மெழுகு தடவினாள். "இப்பத் தள்ளிப் பாரும்மா. எனக்காக."

டெனிஸ் மறுபடி படுத்தாள். இந்த முறை ஒரு கையால் தள்ளியதும் மூடி எழுந்தது.

அத்தை பெட்டியின் பக்கப் பலகையைக் விரல்கணுவால் ஒருமுறை தட்டினாள். மெல்லிய பலகை, சத்தம் தெளிவாக வந்தது. அவள் தொப்பியை எடுத்துத் தூசி தட்டித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"இதையே எடுத்துக்கலாம். தட்டினா கேக்குது."

"தண்ணி ஏறுமே அத்தை?"

"கம்பளி போத்திவிடு. அவன் வாங்கினது வீட்ல ஏகப்பட்டது கெடக்கு."

அடக்கத்தன்று மழை விட்டிருந்தது. பாதிரியார் ஜெபத்தை முடித்தார். உறவினர்கள் ஈரப் புல்லில் கார்களை நோக்கி நடந்தார்கள். சர்ச் கூடத்தில் சாப்பாடு காத்திருந்தது. மண் தள்ளும் இயந்திரத்தை ஓட்டுபவன் என்ஜினைக் கிளப்பினான்.

காரின் கதவைத் திறந்த டெனிஸ் திரும்பிப் பார்த்தாள். அத்தை வரவில்லை. குழியின் விளிம்பில், தொப்பியைக் காதுக்கு மேலே ஒதுக்கி, தலையைச் சற்றே சாய்த்து நின்றுகொண்டிருந்தாள்.

டெனிஸ் இயந்திரத்தின் அருகே போய் ஓட்டுபவனிடம் ஏதோ சொன்னாள். அவன் என்ஜினை அணைத்தான். அவள் குழியைச் சுற்றிக்கொண்டு போய், எதிர்ப்பக்கத்தில் நின்றாள்.