மந்திரித்த ஓலையில் இருபத்தாறு எழுத்து

1
இது என் சொந்தச் சரக்கல்ல. மீன் வாங்கப் போன இடத்தில் வியாகுலம்மாள் சொன்னது. அவள் பாதி சொல்வாள், பாதி சேர்ப்பாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. யாரையும் நம்புவதில்லை, என்னையும்.

2
கடலலைகள் தாலாட்டும் அந்த அழகிய... (அடித்துவிட்டேன். கடல் யாரையும் தாலாட்டி நான் பார்த்ததில்லை.)

2012. பிரெஞ்சுக் கப்பலில் வேலைபார்த்துத் திரும்பிய செல்வதாஸ் மழலைப் பள்ளி தொடங்கி, பிரெஞ்சும் உண்டு என்று போர்டு வைத்தார்.* டீச்சர் பிரிஜாவிடம் சொன்னார்: "திங்கக்கிழமை வருவேன். இருபத்தாறு எழுத்தையும் பிள்ளைங்க காட்டிச் சொல்லணும். இல்லைன்னா பிரெஞ்சையும் நிறுத்துவேன், உன்னையும் நிறுத்துவேன்."

* நான் போய்ப் பார்த்தேன். அதே ஏ, பி, சி, டி. பெயர் மட்டும் ஆ, பே, சே, தே. இதற்கு ஒரு போர்டு!

3
பிரிஜா மாவில் எழுத்து உருட்டினாள், பிள்ளைகளில் ஒருவன் ஜெஃப்ரின் தின்றான். இறாலை வளைத்து 'சே' வைத்தாள், பூனை தின்றது. சனிக்கிழமை, மறுநாள் குருத்தோலை ஞாயிறு என்பதால், ஊரெல்லாம் ஓலை. பிள்ளைகளோடு உட்கார்ந்து மடித்து முடைந்து இருபத்தாறையும் செய்து, வீட்டில் காட்டச் சொல்லி, சிஜோவையும் சேர்த்துப் பதின்மூன்று பிள்ளைகளுக்கும் இரண்டு கையிலும் கைக்கு ஒன்றாகக் கொடுத்தனுப்பினாள்.

பிள்ளைகள் அதையே பவனியில் தூக்கிப் பிடித்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். தொலைந்தது. எழுத்தெல்லாம் மந்திரித்த ஓலையாகி, வீட்டு வீட்டுக்குத் திருப்படங்களின் பின்னே ஏறிவிட்டது.

4
திங்கள் காலை பிரிஜா ஓலைகளைத் திரும்ப வாங்கப் போனபோது வியாகுலம்மாள் வாசலை மறித்தாள். "டீச்சரே, அது இனி அடுத்த வருசம் சாம்பல் புதனுக்கு எரிக்கத்தான் கீழ எறங்கும்."

"அக்கா, ஒரு மணிக்கூர் நேரத்துக்குத் தாருங்க. எனக்க வேலை போயிரும்."

"வேலை போனா வேற கிட்டும் மக்கா. ஓலைய எடுத்து வீட்ல ஏதாவது ஆச்சுதுன்னா?"

மகள் அபினா குறுக்கே விழுந்தாள்: "செல்வதாஸ் சாரை இங்க கூட்டிட்டு வாங்க. சாரு என்ன மந்திரிச்ச ஓலையா, எடத்த விட்டு எறங்காம இருக்க?"

"ஏட்டி, வாய மூடு!"

பிரிஜாவுக்கு அதுதான் வழியாகப் பட்டது.

5
செல்வதாஸ் வீடு வீடாக நடந்தார், பிள்ளைகள் காட்டிச் சொன்னார்கள். "அந்தோணியாருக்குப் பின்னால தே!" "மாதாவுக்குக் கீழ பே!" வீட்டுக்கு ஒரு டீ. பன்னிரண்டாவது டீயில் முகம் கறுத்தது. "இருபத்திநாலு. மிச்சம் ரெண்டு எங்க டீச்சர்?"

பிரிஜா வீடுகளை மறுபடி எண்ணினாள்.

(தப்பு என்னுடையது. பிள்ளைகள் பன்னிரண்டுதான். கைக்கு ஒன்று என்ற கணக்கு சரியாக வர சிஜோ என்று ஒருவனை நானே சேர்த்தேன். சேர்த்தவனுக்கு வீடு வைக்க மறந்துபோனேன்.)

6
அவர்கள் தெருவில் நிற்கிறார்கள். வெயில் ஏறுகிறது. இனி வீடு கட்ட எனக்குத் தெம்பில்லை. உங்கள் வீட்டுப் படத்துக்குப் பின்னால் பாருங்கள். அந்த இரண்டு எழுத்தும் இருந்தால் தொடாதீர்கள், மந்திரித்தது. கதவை மட்டும் திறந்து வையுங்கள். டீ வேண்டாம், அவர் குடிக்கமாட்டார்.