ஆறாமல் உடைத்த அச்சு

வருடங்களை முன்பின்னாகச் சொல்கிறோமோ என்ற சந்தேகம் உண்டு. ஞாபகத்தை முழுதாக நம்புவதற்கில்லை. ஆனால் மணல் அச்சில் இரும்பு வார்க்கும் மோல்டரின் செருப்பு தேய்வதை நிறுத்தியது அவர் மனைவி இறந்த அன்றுதான். அன்று காலை வார்ப்பட்டறையில் கல்லுடைக்கும் இயந்திரத்துக்கான தகடு ஒன்றை வார்த்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொன்னதும் கிளம்பும் அவசரத்தில், இரும்பு சிவந்திருக்கும்போதே மணல் அச்சை உடைத்துவிட்டார். அச்சுக்குள்ளேயே மெல்ல ஆறியிருந்தால் சாம்பல் நிறமாகி, உரசினால் தேய்கிற இரும்பாக இருந்திருக்கும். காற்றுப் பட்டுச் சட்டென்று ஆறியதால் உள்ளே வெளுத்து இறுகிவிட்டது. உரசிப் பார்க்கும் சக்கரம் தேய்ந்ததே தவிர தகட்டில் கீறல் விழவில்லை. மறுவாரம் யாரோ கைதவறிப் போட்டபோது கண்ணாடி போலச் சிதறியது.

மோல்டர் மயானத்திலிருந்து நேரே வேலைக்கு வந்தார். அழவில்லை. அதன்பிறகு செருப்பு மட்டுமல்ல, சட்டைக் காலர், சவரக் கத்தி, முகம் எதுவுமே தேயவில்லை. செருப்புக்கடைக்காரர் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருநாள் பள்ளிவிட்டு ஓடிவந்த மகள் கட்டிக்கொண்டபோது, அவர் தோளிலிருந்து அரிசியளவு சில்லு பெயர்ந்து விழுந்தது. அன்றிலிருந்து அவளைக் கையெட்டாத தூரத்திலேயே நிறுத்திவைத்தார். மேசையின் இந்தக் கோடியில் அவர், அந்தக் கோடியில் அவள், நடுவில் தண்ணீர்ச் சொம்பு. அந்தத் தூரத்திலேயே அவள் வளர்ந்தாள்.

வேறு ஊரில் வேலை கிடைத்து அவள் கிளம்பவிருந்த வாரத்தில்தான் பட்டறையில் கூட வேலைபார்த்த லேத்காரர் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "அந்தத் தகடு மாதிரி நீயும் அவசரமா ஆறிட்டப்பா. மறுபடி சுட்டு, மெதுவா ஆறவிட்டா இளகும்." வெளுத்த இரும்பை அப்படித்தான் பதப்படுத்துவார்கள். மகளைத் தொடாமல் வழியனுப்ப மோல்டருக்கு மனம் வரவில்லை. வார்ப்புகளோடு வார்ப்பாகச் சூளைக்குள் போய் உட்கார்ந்தார். கதவைக் களிமண்ணால் பூசித் தீ மூட்டினார்கள். தீ அணைந்ததும் லேத்காரர் பொறுக்கமாட்டாமல் கடப்பாரையோடு வந்தார். சூளை முன்னால் உட்கார்ந்திருந்த மகள் நகரவில்லை.

"விடுங்க மாமா. இந்தத் தடவையாவது ஆறட்டும்."

அவள் போகவேண்டிய பஸ் போய்விட்டது. சுவர் உள்ளங்கைக்குக் குளிரும்வரை காத்திருந்து, அவளே களிமண்ணை உடைத்தாள். சாம்பலோடு வெளியே வந்தவரின் தோளில் கைவைத்தாள். எதுவும் பெயரவில்லை. அவர் அங்கேயே உட்கார்ந்து மனைவிக்காக அழுதார். ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய் வார்ப்புகளை வெளியே எடுத்தார்கள்.

மகள் அடுத்த பஸ்ஸில் போனாள், அங்கேயே தங்கிவிட்டாள். லேத்காரர் இறந்துவிட்டார். மோல்டருக்கு அந்த வருடமே நரைத்தது. அவர் தனியாகத்தான் இருக்கிறார். செருப்பு வாங்கப் போகிறார், இடது குதிகால்தான் முதலில் தேய்கிறது.