மேலே ஒன்பது கிலோ

மாமனார் தொழிற்சாலையின் மேனேஜர் நாற்காலி மாப்பிள்ளைக்குக் கிடைத்தது கல்யாணமான மறுமாதமே. அது தனக்குத்தான் என்று நம்பியிருந்த மகள் டிசைன் அறையிலேயே கிடந்தாள். அங்கே உருவாகும் டாங்கும் டவரும் எல்லாம் அவள் போட்ட கணக்கு. ஆனால் அப்பாவுக்கு மகள் கெட்டிக்காரி, மாப்பிள்ளைதான் மேனேஜர். கெட்டிக்காரத்தனத்துக்கு யார் நாற்காலி போடுகிறார்கள்?

அன்றைக்கு முப்பது மீட்டர் உயர இரும்பு உருளையான டவர் ஒன்றை நிமிர்த்தி வைத்து, தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை. உச்சியில் சதுர சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டு கிலோ அழுத்தம் நிற்க வேண்டும். அதைக் காட்டும் கேஜ் இருப்பதோ அடியில். தண்ணீர் தன் எடையாலேயே பத்து மீட்டருக்கு ஒரு கிலோ வீதம் கீழே அழுத்தும். ஆகவே கீழே பதினைந்து காட்டினால்தான் மேலே பன்னிரண்டு. அதைத் தாங்கத்தான் அடித்தகட்டை அவள் தடிமனாகப் போட்டிருந்தாள். காலையில் கணவனிடம் சொல்லியும் இருந்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

முள் பன்னிரண்டைத் தொட்டதும் அவன் கையை உயர்த்தினான்.

"பம்ப்ப நிறுத்து. பன்னெண்டு வந்தாச்சு."

"பதினஞ்சு வரணுங்க," என்றாள் அவள், தணிந்த குரலில்.

"பன்னெண்டு கேட்டவனுக்குப் பதினஞ்சு குடுக்க நமக்கென்ன பைத்தியமா? வெடிச்சா யாரு பதில் சொல்றது?"

அப்பா அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "இன்ஸ்பெக்டர் முன்னாடி மாப்பிள்ளைய மட்டம் தட்டாதேம்மா. வீட்ல பேசிக்கலாம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் பேசலாமாம். உச்சியில் ஓட்டை இருந்தால் அதுவும் வீட்டுக்கு வந்து பேசுமா? இன்று வாயை மூடினால் இனி என்றைக்கும் மூடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். டவரை வாங்குகிற கம்பெனியின் இன்ஸ்பெக்டரிடம் நேரே போனாள்.

"சார், உச்சியில ஒரு கேஜ் மாட்டிப் பாக்கலாமா?"

அழுத்தத்தை இறக்கி, மேலே கேஜ் மாட்டி, மறுபடி ஏற்றினார்கள். கீழே பன்னிரண்டு. கிரேன் கூடையில் நின்ற ஃபிட்டர் வாக்கிடாக்கியில் சொன்னது ஒன்பது.

"ஏத்துங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

மேலே பதினொன்றைத் தொட்டபோது உச்சிக் குழாயின் வெல்டிங் கசிந்து, தண்ணீர் டவர்மேல் கோடாக இறங்கியது.

அப்பா அசரவில்லை. கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர். "மேல கேஜ் வைக்கணும்னு எங்க மாப்பிள்ளைக்குக் காலைலேருந்தே யோசனை சார்."

மாப்பிள்ளை அடக்கமாகத் தலையசைத்தான். அந்த அடக்கத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "சந்தோஷம். வெல்டிங்கைச் சரி பண்ணி மறுபடி டெஸ்ட் பண்ணும்போது மேல் கேஜ் எவ்வளவு காட்டணும்?"

இப்போதுதான் விஷயம் தெரிந்துவிட்டதே, அவன் நெஞ்சு நிமிர்ந்தது. "பதினஞ்சு சார். மூணு கூட்டணும்ல."

"அப்ப கீழ?"

"அதுக்கும் மூணு கூட்டி, பதினெட்டு."

பம்ப் ஆபரேட்டர் இரும ஆரம்பித்தார். பதினெட்டு ஏற்றினால் அடித்தகட்டின் கதி என்ன என்பது அங்கே அவனைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். "நான் சொன்னா மாப்பிள்ளை மரியாதை கொறைஞ்சிடுமாப்பா?"

அப்பா வடியும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லித் தொலைம்மா."

"மேல பன்னெண்டு, கீழ பதினஞ்சு சார்," என்றாள். "அடுத்த டெஸ்ட்டை நான்தான் நடத்துவேன். இவர் வேணும்னா பக்கத்துல நின்னு பாக்கட்டும்."