கை ஊன்றாமல் ஐந்து முறை

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை என் அண்ணனிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். வீடு மாறுகிறவர்களின் பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் மாடிப்படியில் தூக்கி இறக்குவது அவன் வேலை. அவன் ஈரலில் பல வருடங்களாகக் குடியிருந்த வைரஸ், பன்னிரண்டு வார மாத்திரையில் காலி செய்துகொண்டு போய்விட்டது. ஆனால் இருந்த காலத்தில் தொடைச் சதையைத் தின்று தீர்த்திருந்தது. (வீடு மாற்றுகிறவனின் கதையில் 'காலி செய்துகொண்டு' எப்படி வந்து உட்கார்ந்தது பாருங்கள்! எனக்கே குஷி தாங்கவில்லை.)

2.

முதலில் எழுதிய தொடக்கம்: 'எடை ஆறு கிலோ ஏறியதும் வீடே கொண்டாடியது. பழைய பலம் திரும்பிவிட்ட—'

அடித்துவிட்டேன். கொண்டாடியது நிஜம். பலம்தான் பொய். பிசியோதெரபி அம்மா அவன் தொடையில் நாடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏறினது தொப்பைங்க. சதை இன்னும் வரலை," என்றார்.

அவர் வைக்கும் சோதனை இதுதான்: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ வேண்டும். பதினைந்து நொடிக்குள். எழுந்தால் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டினால்தான் முதலாளி அவனை மறுபடி லாரியில் ஏற்றுவார்.

3.

போன மாதம் தோற்றான். அவனைச் சோம்பேறியாக்கி ஒரு பத்தி எழுதினேன், அது அநியாயம். தினமும் வீட்டில் பயிற்சி செய்தவன்தான், ஆனால் மெத்தை போட்ட உயரமான நாற்காலியில்! ஆஸ்பத்திரி நாற்காலி நாலு விரல் தாழ்வு. நாலாவது முறை கை தானாகக் கைப்பிடிக்குப் போய்விட்டது.

"ஆயிரம் நாற்காலி தூக்கியிருக்கீங்க, உயரம் தெரியலையா?" என்றாள் அண்ணி.

"தூக்கித்தான் பழக்கம். உக்காந்து பார்த்ததே இல்லையே!"

அன்றே மெத்தையை உருவி எறிந்தான். ஒரு மாதம் முட்டையும் பயறும் பயிற்சியுமாக ஓடியது.

4.

முடிவு அ: பன்னிரண்டு நொடி. ஒரே கைதட்டல்.

முடிவு ஆ: ஐந்தாவது முறை அவன் கை... [எழுத மனம் வரவில்லை.]

நேற்று 'அ'வை அவனுக்குப் படித்துக் காட்டினேன். சிரிப்பான் என்று நினைத்தேன். முறைத்தான்.

"ஏண்டா, நீயே என்னைத் தூக்கி விட்டுட்டியே! கை வைக்கக் கூடாதுங்கறது எனக்கு மட்டும்தானா?"

5.

இதோ, இன்று மறுபடி சோதனை. அதே அறை, அதே நாற்காலி. பிசியோதெரபி அம்மா கையில் நிறுத்துக் கடிகாரம். அவனைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன், கையெழுத்து கோணுகிறது. ஒன்று. இரண்டு. மூன்று... நாலு! கை மார்பிலேயே இருக்கிறது, ஐயா, மார்பிலேயே இருக்கிறது! பதினோரு நொடி. உட்காருகிறான். தொடை நடுங்குகிறது. அண்ணியின் கை பாதி நீண்டு, திரும்பிவிட்டது. அவன் எழு—

பேனாவை மூடிவிட்டேன். இன்னும் நாலு நொடி இருக்கிறது. பாருங்கள். ஆனால் நீங்களும் கை கொடுத்துவிடாதீர்கள்.